வலிக்காத கண் காயம்தான் எனக்குப் பயம்

விடுமுறைக்கு மறுநாள் காலையில் கண் சிகிச்சைப் பிரிவில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நேற்று வீட்டில் என்ன வேலை பார்த்தீர்கள்?" அலமாரி மாட்டினேன், இரும்புக் கதவைத் தேய்த்தேன், கூரையில் டிரில் போட்டேன் என்று பதில் வரும். தன் வீட்டைத் தன் கையாலேயே சரிசெய்வது நல்ல ஆசை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. கான்கிரீட் ஆணி அடிக்கும்போது கண்ணில் சுருக்கென்றதாம். தண்ணீரில் கழுவினார், வலி போய்விட்டது, வேலையையும் முடித்துவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பார்வை மங்கியதும்தான் வந்தார். கருவிழியில் புள்ளி அளவு காயம். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், ஆணியின் சில்லு கண்ணுக்குள்ளே கிடந்தது.

சுத்தியல் ஆணியில் மோதித் தெறிக்கும் சில்லு மிகச் சிறியது, ஆனால் வேகம் அதிகம். அது நுழைந்த இடம் தானாகவே மூடிக்கொள்ளலாம். வலியும் இல்லாமல், ரத்தமும் வராமல் போகலாம். உள்ளே தங்கிய இரும்போ மெல்லக் கரைந்து விழித்திரையைப் பாழாக்கும். கிருமித்தொற்று ஏற்பட்டால் ஓரிரு நாளிலேயே பார்வை போகலாம். இப்படிச் சந்தேகம் இருந்தால் கண்ணை அழுத்தாதீர்கள், கழுவாதீர்கள். ஒரு காகிதக் கோப்பையைக் கண்மேல் படாமல் கவிழ்த்து வைத்துக்கொண்டு உடனே வந்துவிடுங்கள். என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். உள்ளே இரும்பு இருப்பவருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் காந்தம் அதை நகர்த்திவிடும்.

கிரைண்டர் பொறி பெரும்பாலும் கருவிழியின் மேலேயே ஒட்டும். சில மணி நேரத்தில் அதைச் சுற்றித் துரு வளையம் உண்டாகத் தொடங்கும். கண்ணாடி முன் நின்று பஞ்சால் எடுக்க முயன்று, கூடுதலாகக் கீறிக்கொண்டு வருபவர்கள் நிறைய. வெல்டிங் வெளிச்சம் வேறு மாதிரி. அப்போது ஒன்றும் தெரியாது, 6 முதல் 12 மணி நேரம் கழித்து மணல் கொட்டியதுபோல் உறுத்தும்.

சுண்ணாம்பும் சிமென்டும் காரப்பொருள்கள். பெரும்பாலான அமிலங்கள் திசுவின் புரதத்தை உறையவைப்பதால் ஓரளவு அங்கேயே நின்றுவிடும். காரம் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு ஆழமாக இறங்கும். காரமோ அமிலமோ கண்ணில் பட்டால் மட்டும் மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன்பே கழுவத் தொடங்க வேண்டும். இமைகளை விரித்துப் பிடித்து, ஓடும் சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 முதல் 30 நிமிடம். இமைக்கு அடியில் ஒரு துகள் ஒளிந்திருந்தாலும் அது திசுவைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். அதனால் நன்றாகக் கழுவிய பிறகும் வந்து காட்டுங்கள்.

சரி, நான்தான் ஏற்கெனவே கண்ணாடி போட்டிருக்கிறேனே என்று சிலர் சொல்வார்கள். படிக்கப் போடும் கண்ணாடியில் பக்கவாட்டிலும் மேலேயும் திறந்த இடைவெளி இருக்கிறது. தலைக்கு மேல் டிரில் போடும்போது தூசி அந்த வழியாகத்தான் விழும். முகத்தோடு ஒட்டி நிற்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்ப்பவருக்கும் சேர்த்து. எட்டிப் பார்க்கும் குழந்தையை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு அப்புறம் மெஷினை ஓட்டுங்கள்.