மசகு எண்ணெய்: நியூஸ்ல ஒண்டு, மிசினுக்குள்ள வேறொண்டு

மழை விட்டு புல்லு முழங்கால் உசரத்துக்கு வளர்ந்திட்டு, கல்லடியில மச்சான்ட வளவுல புல்லு வெட்டுற மிசின இழுத்து வச்சா, கூட வந்த தமிழ்த் தாள்ல 'மசகு எண்ணெய் இடவும்' எண்டு கிடக்கு. "மசகு எண்ணெய் எண்டா கப்பல்ல வாற சாமானெல்லோ, அத எப்பிடிடா இதுக்குள்ள ஊத்துற?" எண்டான்.

அவனிலயும் பிழை இல்ல. நம்மட நியூஸ்ல சப்புகஸ்கந்தை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு மசகு எண்ணெய் வருது எண்டா அது இன்னும் சுத்திகரிக்காதது, இந்தியாக்காரர் கச்சா எண்ணெய் எண்டு சொல்றது. ஆனா மசகு எண்டா பழைய பொருள் வண்டி அச்சுக்குப் பூசுற கறுப்பு மை, எண்ணெயில கரியக் குழைச்சுச் செய்யிறது, அது காஞ்சா சில்லு கிறீச் கிறீச் எண்டு கத்தும். அப்ப அந்தப் பேர் உரிமையா சேர வேண்டியது எஞ்சின் ஒயிலுக்குத்தான், கறுப்பா பிசுபிசுப்பா இருக்கிறதால கப்பல் எண்ணெய்க்குப் போய் ஒட்டிட்டு எண்டு நான் நினைக்கன். உராய்வு நீக்கி, உயவு எண்ணெய் எண்டும் எழுதுவாங்க, வாகனம் திருத்துற கராச்சில கேட்டா ஒயில் மட்டும்தான்.

ஒயிலுக்கு வேர் கிரேக்கத்து ஒலிவ், நம்மட எண்ணெய் எள்ளு நெய். அப்ப தேங்காயெண்ணெய் எண்டா தேங்காய் எள்ளுநெய், சரி விடுங்க.

தள்ளிக்கொண்டு போய் வெட்டுற மிசின் கூடுதலா ஃபோர் ஸ்ட்ரோக், ஒயில் வேற பெற்றோல் வேற, கலக்கவே கூடாது. ஒயில் எஸ்ஏஇ 30, இல்லாட்டி 10டபிள்யூ30. நம்பர் தடிப்பச் சொல்லுது, டபிள்யூ எண்டா வின்டர், குளிர்ல எவ்வளவு இளக்கமா ஓடும் எண்டதுக்கு, மட்டக்களப்பு வெயிலுக்கு வெறும் 30 தாராளம். பெற்றோல் ஒக்டேன் 92 காணும், 95 அடிச்சா புல்லு வேகமா வெட்டுப்படாது, காசுதான் வெட்டுப்படும்.

தோளில மாட்டுறது டூ ஸ்ட்ரோக் எண்டா கதை வேற, அதுக்குப் பெற்றோலோடயே 2டி ஒயில், டூ ஸ்ட்ரோக்குக்கெண்டே உள்ள ஒயில், கலக்கணும், 50க்கு 1 எண்டு போட்டிருந்தா லீற்றருக்கு 20 மில்லி, 25க்கு 1 எண்டா 40. கலக்காம ஓட்டினா பிஸ்டன் இறுகிடும், நான் ஒண்டு அப்பிடிப் பழுதாக்கினவன்தான்.

மச்சான் ஒயில் பாக்கிற கம்பிய இழுத்து சாரத்துல துடைச்சான், கன்னங்கரேல் எண்டு கறை. "இதுவா மசகு?" எண்டான். ஓம், மாத்தணும் எண்டன்.