"மறந்துடுங்கம்மா" என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள்

மனநலத் துறையில் இருக்கும் என்னிடம், இப்படிச் சொல்லி அனுப்பப்பட்டு வந்தவர்களில் இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

2006இல் இலங்கையில் சண்டை மறுபடி மூண்டபோது மூதூர்ப் பக்கத்திலிருந்து படகேறி, மண்டபம் வழியாக எங்கள் மாவட்ட அகதி முகாமுக்கு வந்த ஒரு அம்மம்மா (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). தலையிடி, நெஞ்செரிவு, தூக்கம் கிடையாது. ஸ்கேன், ஈசிஜி எல்லாம் நார்மல். ஊரிலேயே தங்கிவிட்ட மகன் 2009க்குப் பிறகு என்ன ஆனார் என்றே தெரியாது. போன இடத்திலெல்லாம் "பழசை மறந்துடுங்கம்மா" என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், கூட வந்த பேத்தியும் என்னை அதையே சொல்லச் சொன்னாள். அம்மம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "மறந்துபோட்டு நான் என்னத்துக்குப் பிள்ளை இருக்கிறன்?"

இறந்தவருக்கு அழுது முடிக்கலாம், திதி கொடுக்கலாம், படத்துக்கு மாலை போடலாம். காணாமல் போனவருக்கு எதைச் செய்வது? மாலை போட்டால் நாமே கொன்ற மாதிரி, போடாவிட்டால் காத்திருப்பு முடியாது. இதில் போய் மற என்றால், பிள்ளையைக் கைவிடு என்றுதான் அந்தத் தாயின் காதில் விழும். 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பிள்ளைகளின் படங்களோடு தெருவோரம் உட்கார்ந்த தாய்மாரைப் பாருங்கள், அவர்களை நிமிர்த்தி வைத்திருந்ததே அந்த நினைவுதான். நினைவு நோயில்லை. அதைச் சொல்ல இடமில்லாமல் போகும்போதுதான் தலையிடியாக வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போரிலிருந்து வந்தவர் எல்லோரும் மனநோயாளி என்று நினைக்காதீர்கள். போர் நடந்த பகுதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மற்ற நால்வரும் துயரத்தோடேயே உலை வைக்கிறார்கள், பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள், பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை 1984இல் தொடங்கியதே இங்கு வந்த ஏதிலியர்தான், முகாம்களில் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களும் ஆற்றுப்படுத்தியவர்களும் பெரும்பாலும் முகாம்காரர்களே. யாரோ வந்து தூக்கிவிடட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

நான் முதல் சந்திப்பில் எதை இழந்தீர்கள் என்று கேட்பதில்லை. ஊரில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றுதான் கேட்பேன். (எங்கள் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வந்த அன்றே குண்டுவீச்சைக் கேட்டுக் கிளறிவிட்டு, ஐந்து மணிக்கு அவரை பஸ் ஏற்றி அனுப்பாதீர்கள்.) அம்மம்மா முன்பள்ளி ஆசிரியையாம். பதினைந்து வருடத்துக்கும் மேலாக இங்கே யாரும் அதைக் கேட்டதில்லை. அதற்கப்புறம் அவர் முக்கால் மணி நேரம் பேசினார், பாதி நேரம் மகனைப் பற்றி, மீதி நேரம் மணலில் 'அ' எழுதப் பழக்குவது பற்றி.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பள்ளி விழாவில் முகாம் பிள்ளையை மேடையேற்றி "உங்க கஷ்டத்தைச் சொல்லு" என்று மைக்கைக் கொடுக்காதீர்கள், பெரும்பாலான பிள்ளைகள் பிறந்ததே இங்கேதான். தாங்களாகப் பேச வந்தால் குறுக்கே ஆறுதல் சொல்லாமல் கேளுங்கள். மகனின் பிறந்தநாளுக்கு விளக்கேற்ற வேண்டும் என்றால் ஏற்றட்டும், தடுக்காதீர்கள். சாப்பாட்டைத் தொடாமல் கிடந்தாலோ, "போய்ச் சேர்ந்தால் போதும்" என்று சொல்லத் தொடங்கினாலோ அன்றே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், இரவானால் 14416க்கு அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி அது, தமிழிலேயே பேசுவார்கள். மருத்துவ நண்பர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அடுத்த ஸ்கேன் எழுதுமுன் ஐந்து நிமிடம், ஐந்தே நிமிடம் கேளுங்கள்.

இப்போது அம்மம்மாவின் வீட்டுத் திண்ணையில், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சாயங்காலம் உட்கார்ந்து படிக்கிறார்கள். தலையிடி முழுசாகப் போகவில்லை, மாத்திரையும் நிறுத்தவில்லை. போன வாரம் வந்தபோது அடுத்த தேதியை மாற்றித் தரச் சொன்னார், பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பரீட்சையாம்.