டிராக்டர்ல ஏர் எடுக்கும்போது மாமனாரை தள்ளி நிக்கச் சொல்லுங்க

டெல்டா பக்கம் டிராக்டர் மெக்கானிக் நான். சம்பா உழவு ஆரம்பிச்சாலே வர்ற போன்ல பாதி "அண்ணே, டீசல் தீந்து ஏர் புடிச்சிக்கிச்சு"தான். டீசல் பைப்புக்குள்ள காத்து புகுந்து இன்ஜின் எடுக்காது, அதான் சங்கதி. அந்தக் காத்தை வீட்லயே எடுக்கலாம். டீசல் ஊத்தி, ஃபில்டர் மேல இருக்குற ஸ்க்ரூவை லூஸ் பண்ணி, ஹேண்ட் பம்ப்பை அடிச்சு, நுரை நின்னதும் டைட் வச்சா பெரும்பாலும் வண்டி எடுத்துக்கும். எடுக்காம, சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சுற இன்ஜெக்டரோட பைப் நட்டுல கை வைக்கும்போதுதான் கூத்து.

ஒரு வீட்ல அண்ணன் ஸ்பேனரோட கீழ, தம்பி சீட்ல, கல்யாணத்துக்கு கிளம்பி வெள்ளை வேட்டி சட்டையில வந்த அண்ணனோட மாமனார் மேற்பார்வை. அரை சுத்து மட்டும் லூஸ் பண்ணி செல்ஃப் அடிக்க வேண்டிய நட்டை அண்ணன் மொத்தமா கழட்டிட்டாரு, மாமனார் குனிஞ்சு பைப்பையே உத்துப் பாக்குறாரு, தம்பி "அடிக்கவா?"ன்னு கேக்க, அந்த நேரம் பாத்து களத்துல நெல்லு மேயுற ஆட்டை வெரட்டச் சொல்லி அம்மா "அடி அடி"ன்னு கத்த, இவன் செல்ஃபை அடிச்சுட்டான். மூணு சிலிண்டர் வண்டி, மிச்ச ரெண்டுல இன்ஜின் ஓட ஆரம்பிச்சிருச்சு, இவன் ஸ்டாப்பை இழுக்காம கீழ குதிச்சு ஓடிட்டான். நான் போனப்ப மாமனார் துண்டோட திண்ணையில உக்காந்திருந்தாரு, மீசையில இன்னும் டீசல், மருமகன் கிட்ட பேச்சே இல்ல.

அவர் தப்பிச்சதே நட்டு முழுசா கழண்டு கிடந்ததாலதான். தெறந்த பைப்புல ப்ரஷர் நிக்காது, சட்டைதான் போகும் (கண்ணுல பட்டா நல்லா கழுவணும், அது வேற). பயப்பட வேண்டியது பைப்புல மயிரிழை மாதிரி விரிசல் விட்டு, புகை மாதிரி பீச்சுற டீசலுக்கு. கார் டயர்ல காத்து 30 சொச்சம் பிஎஸ்ஐ, இன்ஜெக்டர் பைப்புல 3,000-க்கு மேலயும் போகும். எங்க லீக்குன்னு விரலை வச்சுத் தடவுறாங்க பாருங்க, அங்கதான் தோலைத் துளைச்சு டீசல் உள்ள போயிரும். அட்டையைக் காட்டிப் பாருங்க, நனையும்.

உள்ள போனா முள்ளு குத்தின மாதிரிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது, மஞ்சளை வச்சுட்டு உழப் போயிருவாங்க. அப்புறம்தான் வீங்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். புள்ளி சின்னதா இருந்தாலும் அப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு போய், "ப்ரஷர்ல டீசல் உள்ள போயிருக்கு"ன்னு அப்படியே சொல்லுங்க. கைல குத்திருச்சுன்னு மட்டும் சொன்னா டிடி ஊசி போட்டு அனுப்பிருவாங்க.

செல்ஃப் அடிக்க வேண்டிய நேரம் வர்ற வரைக்கும் வண்டிச் சாவியை ஸ்பேனர் பிடிக்கிறவரே பாக்கெட்ல வச்சுக்கட்டும். சீட்ல இருக்குற தம்பிகிட்ட கொடுத்தாலும், அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா மட்டும் அடிக்கச் சொல்லுங்க.