மாவுக்கட்டுக்குள் கூடும் வலி

கீழ்க்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுடன் வீடு திரும்புபவர்களிடம் ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு முறை சொல்வது என் வழக்கம்: வலி நேரம் ஆக ஆகக் குறைய வேண்டும், கூடினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

கை முறிந்தவரிடமும் இதைச் சொல்வேன். ஆனால் கீழ்க்காலின் அமைப்பு என்னை அதிகம் பயப்பட வைக்கிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் விரலால் தடவினால் தட்டுப்படும் கூரான விளிம்பு டிபியா எலும்பினுடையது. தொடை எலும்புக்கு அடுத்து உடலிலேயே நீளமான எலும்பு அது. அதன் உள்பக்கத்தைத் தோல் மட்டுமே மூடியிருப்பதால், முறியும்போது தோலைக் கிழித்துக்கொண்டு எளிதில் வெளியே வந்துவிடும். வெளிப்பக்கம் இருக்கும் ஒல்லியான எலும்பு ஃபிபுலா. எடை தாங்குவதில் அதன் பங்கு சிறிது. கணுக்காலை வெளியிலிருந்து அணைத்துப் பிடிப்பதே முக்கிய வேலை. அதனால்தான் தாடையை இழந்தவர்களுக்கு அதன் நடுப்பகுதியை எடுத்துப் புதுத் தாடை அமைக்க முடிகிறது.

ஆபத்து இருப்பது எலும்புகளைச் சுற்றித்தான். இரண்டையும் இணைக்கும் சவ்வும், தசைகளைப் போர்த்திய விறைப்பான உறைகளும் கீழ்க்காலை நான்கு மூடிய அறைகளாகப் பிரிக்கின்றன. எலும்பு முறிந்தால் ரத்தம் கசிகிறது, தசை வீங்குகிறது; உறையோ விரிந்து கொடுப்பதில்லை. உள்ளே அழுத்தம் ஏறி நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்குகின்றன. ஆறு மணி நேரத்துக்குமேல் ரத்தம் கிடைக்காத தசை பெரும்பாலும் மீள்வதில்லை. இதைக் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்கிறோம். பாதத்தில் நாடித்துடிப்பு நன்றாக இருக்கும்போதே இது நேரலாம் என்பதால், துடிப்பைத் தொட்டுப் பார்த்து நிம்மதி அடைய முடியாது.

வேறிடத்தில் கட்டுப் போட்ட ஓர் இளைஞரை ஒருநாள் காலையில் அழைத்து வந்தார்கள். இரவு முழுக்க அழுதிருக்கிறார். "முறிந்த கால் வலிக்கத்தானே செய்யும்" என்று வீட்டார் தேற்றியிருக்கிறார்கள். மாத்திரைக்கும் வலி அடங்கவில்லை. நான் கால் விரல்களை லேசாக அசைத்ததும் அலறினார். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே தொடுவுணர்வே இல்லை. முறிவுக்குப் பொருந்தாத வலி, மாத்திரைக்கு அடங்காத வலி, பிறர் விரலை அசைத்தால் துடிக்கும் வலி: இவற்றில் ஒன்று தெரிந்தாலே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வழக்கமான வீக்கத்துக்குக் காலை உயர்த்தி வைக்கச் சொல்வோம். இந்தச் சந்தேகம் வந்துவிட்டால் இதயத்தின் மட்டத்திலேயே காலை வையுங்கள், அதற்குமேல் உயர்த்தாதீர்கள்.

அன்று மாவுக்கட்டை முழுவதும் பிரித்துவிட்டு, நான்கு அறைகளின் உறைகளையும் அறுவை சிகிச்சையில் நீளமாகத் திறந்தோம். புண்ணைத் தைக்காமல் நாள்கணக்கில் திறந்தே வைத்திருந்தோம். கால் பிழைத்தது. முன்பக்கத் தசையில் ஒரு பகுதி கருகிப்போயிருந்தது. அதை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது அவர் நடக்கிறார், ஆனால் பாதத்தை முழுதாக மேலே தூக்க முடியவில்லை. முந்தைய இரவே வந்திருந்தால் அந்தத் தசையையும் காப்பாற்றியிருக்க வாய்ப்பு இருந்தது.