பாலைவனத்தில் வியர்வை எங்கே போகிறது?

லாஸ் வேகாஸில் வசிக்கும் மகள் வீட்டுக்குச் செல்லவிருக்கும் சென்னை வாசகர் ஒருவர், அங்கிருந்து மீட் ஏரிக்கரைக்குப் போய் மிதிவண்டி ஓட்ட விரும்புவதாக எழுதியிருக்கிறார். அந்த ஊர் வெயிலில் வியர்வையே வராது என்கிறார்களே, பக்கத்திலேயே ஆறும் ஏரியும் இருக்கும்போது லிட்டர் கணக்கில் தண்ணீர் சுமக்க வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

முதலில் பாதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொலராடோ ஆற்றின் குறுக்கே, மீட் ஏரியை உருவாக்கிய ஹூவர் அணையைக் கட்டத் தளவாடங்கள் கொண்டுசெல்வதற்காக 1931இல் போடப்பட்ட ரயில் பாதை, தண்டவாளங்கள் அகற்றப்பட்டு, ஐந்து சுரங்கங்களின் வழியாக அணையை நோக்கிச் செல்லும் சரளைப் பாதையாக இன்று இருக்கிறது. ரயிலுக்காக வெட்டப்பட்டது என்பதால் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. அதனுடன் ரிவர் மவுண்டன்ஸ் சுற்றுப்பாதையின் ஒரு பகுதியையும் சேர்த்து 25 கிலோமீட்டர் ஓட்டினால், ஓரளவு பழக்கமுள்ளவருக்கு அது மிதமான பயணம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம். நடுக்கோடையைத் தவிர்த்துவிட வேண்டும்.

இனி வியர்வைக்கு வருவோம். மிதமாக மிதிப்பவரின் தசைகள் சக்கரத்துக்கு 100 வாட் ஆற்றலைத் தரும்போது, ஏறத்தாழ 300 வாட் வெப்பம் உடலிலேயே தங்குகிறது. அதன்மேல் வெயிலும் பாறையும் தரும் வெப்பம் வேறு. தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாகிவிட்டால், வீசும் காற்றே உடலுக்கு வெப்பத்தைக் கொடுக்கத் தொடங்கும். அப்போது உடலுக்கு மிஞ்சுவது, மண்பானை தண்ணீரைக் குளிர வைக்கும் அதே வழி ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது.

என்னை எப்போதும் வியக்க வைப்பது இந்த ஆவியாதலின் வேகத்தை எது தீர்மானிக்கிறது என்பதுதான். ஈரமான தோலை ஒட்டிச் சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு காற்றுப் படலம் இருக்கிறது. தோல் பக்கத்தில் நீராவியின் அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல். சென்னையில் 35 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் வெளிக்காற்றிலும் 3.4 கிலோபாஸ்கல் இருப்பதால், நீராவியை வெளியே தள்ளும் வேறுபாடு 2.2 மட்டுமே, வியர்வை போக வழியின்றிச் சட்டையை நனைக்கிறது. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 38 டிகிரியும் 10 சதவீத ஈரப்பதமும் இருந்தால் வெளிக்காற்றில் 0.7கூட இராது. வேறுபாடு ஏறக்குறைய 5. ஆகவே வியர்வை துளியாகத் திரள்வதற்கு முன்பே போய்விடுகிறது. வராமல் இல்லை, வந்த இடத்திலேயே வேலையை முடித்துவிடுகிறது. அது வந்து போனதற்குச் சாட்சி, கறுப்புச் சட்டையின் அக்குளிலும் தலைக்கவசத்தின் வாரிலும் படியும் வெள்ளை உப்புக் கோடுகள்தான்.

மிதிவண்டியின் வேகம் அந்தக் காற்றுப் படலத்தை இன்னும் மெல்லியதாக்குகிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது உலர்ந்திருந்த முதுகு, வண்டியை நிறுத்திய ஓரிரு நிமிடங்களில் சொட்டச் சொட்ட நனைவதும் இதனால்தான்: சுரப்பிகள் முன்போலவே சுரக்கின்றன, படலமோ தடித்துவிட்டது. ஏற்றத்தில் நிலைமை இன்னும் மோசம். தசைகள் அதிக வெப்பத்தை உண்டாக்கும் அதே நேரத்தில் வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கு இறங்கி, காற்றும் குறைகிறது. பக்கத்திலுள்ள போல்டர் சிட்டி என்ற ஊர், மீட் ஏரியைவிட 400 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருப்பதால், காலைக் குளிரில் அங்கிருந்து சுகமாக இறங்கி வருபவர், ஏற வேண்டிய நேரத்தில் உச்சி வெயிலில் அகப்படுவார். எனவே ஏரிப் பக்கத்திலிருந்து விடியலில் கிளம்பி முதலில் ஏறிவிடுங்கள். சமதளமான சுரங்கப் பாதையைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரி அருகில் இருப்பது கண்ணுக்கு ஆறுதல்தான், உடலுக்கு அவ்வளவாக உதவாது. அதன் ஈரக்காற்று கரையைத் தாண்டியதும் வறண்ட காற்றில் கரைந்துவிடுகிறது. அதே வறண்ட காற்று ஆண்டுதோறும் ஏறக்குறைய 2 மீட்டர் உயர நீரை ஏரியிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. சுத்திகரிக்காத ஏரி நீரைக் குடிக்கவும் கூடாது.

தண்ணீர் குறைவாகக் குடித்து உடலைப் பழக்கலாம் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் அடால்ஃபும் குழுவினரும் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் படைவீரர்களை ஆராய்ந்து அதைத் தவறென்று காட்டினர். தண்ணீரைக் குறைத்தாலும் வியர்வை குறைவதில்லை; தாகத்துக்கு மட்டும் குடிப்பவர் இழந்ததில் ஒரு பகுதியைத்தான் ஈடுசெய்கிறார்; வெயிலில் வெற்றுடம்பைவிட ஆடை அணிந்த உடம்பு குறைவாக நீரை இழக்கிறது. உயிர்காக்கும் இத்தகைய ஆய்வுக்குப் போர் வந்தால்தான் பணம் கிடைக்கும் என்ற நிலை மாற வேண்டும். வெப்ப அலைகள் பெருகும் இக்காலத்தில், வெயிலில் உழைப்போரைப் பற்றிய ஆய்வுகளுக்கு நம் அரசுகள் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகருக்கு என் கணக்கு இது: வெப்பமான காலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை இழக்கலாம் என்பதால், இரண்டு மணி நேரப் பயணத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீர், வெளிர்நிற முழுக்கைச் சட்டை, கொஞ்சம் உப்பிட்ட கடலை. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். சிறிது சிறிதாகக் குடியுங்கள். தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் அருகிலுள்ள சுரங்கத்தின் நிழலில் நின்று சட்டையைத் தண்ணீரால் நனைத்து விசிறிக்கொள்ளுங்கள். அந்தக் காற்றில் ஊற்றிய நீரும் வியர்வையைப் போலவே உடனே ஆவியாகி வெப்பத்தை எடுத்துச் செல்லும். அப்படியும் தெளியாவிட்டால் தாமதிக்காமல் அவசர உதவியை அழைக்க வேண்டும்.