கொசுவலை இல்லாத வீட்டுக்கு இன்சுலேஷன் எதற்கு?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இந்தக் கோடையில் போன இடமெல்லாம் ஒரே புகார். "ஏனுங்க சார், ஏஏசி பிளாக், மாடிக்கு கூல் டைல்ஸ், அஞ்சு ஸ்டார் ஏசி எல்லாம் போட்டாச்சுங்க. பழைய வீட்டை விட பில்லு ஜாஸ்தி வருதுங்களே?" கடைசியாக வந்தவர் பிளானைச் சுருட்டிக்கொண்டு சண்டைக்கே வந்துவிட்டார். (அதை வரைந்தது நான் இல்லை என்று புரியவைக்கவே அரை மணி நேரம்.)

சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது: இன்சுலேஷன் (ஏஏசி பிளாக் என்ற காற்றுக்குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல் மாதிரி சூட்டைத் தடுக்கும் பொருள்) வீட்டைக் குளிரவைக்காது. சூடு கடந்து போவதை மெதுவாக்கும், அவ்வளவுதான். அதுவும் இரண்டு பக்கமும். ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்தால் சீக்கிரம் கரையாது. சுடுசோற்றுப் பானையைப் புதைத்தால் சீக்கிரம் ஆறாது. அடுப்பு, ஃபிரிட்ஜ், டிவி, நாலு பேர் உடம்பு எல்லாம் பகல் முழுக்கச் சூடு விடுகின்றன. அது ராத்திரி ஜன்னல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வடிவமைத்தவரும் ராத்திரி ஜன்னல் திறந்திருக்கும் என்று வைத்துத்தான் கணக்குப் போட்டிருப்பார். நீங்களோ ஆறு மணிக்கே கொசுவுக்குப் பயந்து எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஏசியைப் போடுகிறீர்கள். ஃபால்ஸ் சீலிங்குக்குக் காசு இருக்கிறது. வலை அடிக்கச் சொன்னால் மட்டும் "அப்புறம் பாத்துக்கலாங்க".

2018-இல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா, அதாவது வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு, கூரையின் யூ-மதிப்பு (சூட்டை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்ற அளவு, குறைந்தால் நல்லது) 1.2-க்கு மேல் போகக்கூடாது என்கிறது. நல்ல விதி. ஆனால் அது பார்ப்பது கூரை, சுவர், ஜன்னலைத்தான். நீங்கள் குடியிருக்கும் விதத்தை அல்ல. ஏசியின் ஸ்டார் கணக்கும் அப்படியே. வருடத்துக்கு 1600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்டது. தினமும் பத்து மணி நேரம் ஓட்டினால் 3650 ஆகிறது. 'அஞ்சு ஸ்டார்தானே' என்ற தைரியத்தில் 18-இல் வைப்பவர்களை என்ன சொல்வது? போதாக்குறைக்கு, கேரளப் பக்கம் இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான கட்டணம் போய், முதல் யூனிட்டிலிருந்தே ஒரே ரேட்.

வலை அடியுங்கள், முதலில் அதைச் செய்யுங்கள். வெயில் தாழ்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். பகலில் அனல் அடிக்கும்போது சாத்துங்கள். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போட்டுப் பெரிய பிரயோஜனம் இல்லை, வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டது. வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். பிளானில் இரண்டடி இருக்கும் சன்ஷேடை மேஸ்திரி ஒன்றரையாக்கினால் விடாதீர்கள். மாடிக்கு மேல் ஷீட் போட்டவர்கள் நாலு பக்கமும் அடைக்காதீர்கள், காற்று ஓடட்டும். மாடியின் வெள்ளைக் கூல் டைல்ஸில் புழுதியும் பாசியும் ஏறினால் வெயிலை முன்னைப் போலத் திருப்பி அனுப்பாது. கோடைக்கு முன்னால் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இப்போதே எழுந்து போய் அதன் மின்சாரக் காயில் (வெயில் இல்லாத நாளில் கரண்டில் தண்ணீரைச் சுடவைக்கும் கம்பிச்சுருள்) சுவிட்சைப் பாருங்கள். மழைக்காலத்தில் போட்டது பங்குனி வரைக்கும் அப்படியே எரிந்துகொண்டிருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.