பொய் எழுதினால் கை வலிக்கும்

ஐப்பசி பிறந்தால் குன்னூரில் என் அறைக்கு ஆள் வரத்து கூடிவிடும். கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டித் தீர்க்கும் மழை, எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவத்தில்தான் வந்து உட்காரும். நாள்கணக்கில் வெயிலே தெரியாது. "மனசே சரியில்லைங்க" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் மழையைத்தான் முதலில் திட்டுவார்கள்.

மனநல ஆலோசகராக ஆரம்ப நாட்களில் நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா வந்திருந்தார் (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்). கணவர் இறந்து ஒரு வருடம். "நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்" என்று தினமும் பத்துத் தடவை எழுதச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் வந்தவர், "பொய் எழுதினா கை வலிக்குதும்மா" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. கனடாவின் உளவியலாளர் ஜோன் வுட் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்கள் "நான் அன்புக்குரியவர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்களின் மனநிலை இன்னும் இறங்கியது. உள்ளே ஒரு குரல் "எங்கே, காட்டு பார்க்கலாம்" என்று கேட்குமே!

சரி, இன்றைக்குக் கண்ணில் பட்டதை, இருந்தபடியே மூன்று வரி எழுதுங்கள் என்றேன். "எதுகை மோனையெல்லாம் வராதும்மா." வேண்டவே வேண்டாம். நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்தார்:

மூணு நாளா மழை.
அடுப்புக்கு மேலே கொடியில போட்டேன்.
சீலை காஞ்சிருச்சு. புகை வாசந்தான்.

வாசித்து முடித்துவிட்டு முந்தானையை மோந்து பார்த்தார். சிரித்துவிட்டார். என் அறையில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் ஒன்று. தனக்குத் தானே தைரியம் சொல்லும்போது "நான்" என்று சொல்வதைவிட, தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினால் பதற்றம் குறைகிறது என்று அமெரிக்க உளவியலாளர் ஈதன் கிராஸ் குழுவின் 2014 ஆய்வு காட்டியது. அடுத்தவருக்கு ஆறுதல் சொல்ல நமக்கு நன்றாகவே வரும். அந்தத் திறமையைக் கொஞ்சம் நம் பக்கம் திருப்புவதுதான் இது. இந்த அம்மாவை அவருடைய அம்மா "தாயி" என்று கூப்பிடுவாராம். காலையில் எழ முடியாதபோது, "தாயி, எந்திரி. வெந்நி மட்டும் வை, மத்ததை அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிக்கொள்கிறார். வெந்நீர் வைத்தவர் பெரும்பாலும் வேலைக்கும் போய்விடுகிறார்.

கவிதை, மருந்துக்கு மாற்றாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

போன மாதம் அந்த அம்மா வந்தபோது நாள்காட்டித் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு, மழைக்கு நனையாமல் பால் கவரில் சுற்றி வைத்திருந்தார். ஒன்றை வாசிக்கச் சொன்னேன்.

"இன்னிக்கு வேணாம்மா, கொழுந்து நிறுவைக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டார்.